படத்துக்கொரு சுழி

பிப்ரவரி 4

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது அண்ணா. "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துவீங்க. எழுதித் தொலைங்க. எழுதினா அழிச்சு எழுதலாம்" என்றார். அழிக்காமல் எழுதுகிறேன்.

போன வாரம் அறிவியல் காட்சிக்கூடத்தில் என் படத்தைக் காட்டியபோது உங்களைக் கூப்பிட்டது என் தப்பு. கைதட்ட நம்ம ஆள் ஒருத்தராவது இருக்கட்டுமே என்று கூப்பிட்டேன். திரையில் தெரு வந்தது. தெருவில் தையல் கடை, கடையில் தொங்கும் சட்டை, சட்டையில் பொத்தான், பொத்தானின் துளைக்குள்ளே ஒரு குளம். கூடத்தின் பொறுப்பாளர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "முடிவே இல்லாத ஓவியம் சார்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். அந்த நேரம் பார்த்துப் பின் வரிசையிலிருந்து நீங்கள், "இது எங்க போய் நிக்கும்?" என்றீர்கள்.

குளத்தோடு நின்றது. அதற்கு மேல் நான் வரைந்திருக்கவில்லை.

இன்று அவர்களிடமிருந்து பதில் வந்தது. வேலை எனக்குத்தான். ஆனால் உங்கள் கேள்வி ஒரு நிபந்தனையாக மாறி வந்திருக்கிறது. சுவர் முழுக்கத் திரை, அதன் முன்னால் ஒரு சக்கரம். வருகிறவர்கள் சக்கரத்தைச் சுற்றச் சுற்றப் படத்துக்குள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் சுற்றினாலும் நிற்கக் கூடாது. ஏப்ரலில் திறப்பு. நின்றுவிட்டால் என் படத்தை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு வீடியோவை ஓட்டுவார்கள். நான் மறுபடியும் பற்பசை டப்பாவுக்குப் பல் வரையப் போவேன்.

உங்களுக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று தெரியவில்லை. இப்போதைக்குத் திட்டுகிறேன். திட்டும்போதே உடம்பெல்லாம் பரபரவென்று இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு வேலை எனக்கு வந்ததே இல்லை.

சுண்டு


பிப்ரவரி 7

சுண்டுவுக்கு,

திட்டு கிடைத்தது.

தராசும் எடைக்கல்லும் சரிபார்க்கும் கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்தால், இது எதுவரை சரியாகச் சொல்லும், எங்கே நின்றுவிடும் என்றுதான் முதலில் கேட்போம். அது குற்றம் சொல்வது அல்ல, பழக்கம். மெதுவாகத்தான் கேட்டேன். அந்த அறை அப்படி எதிரொலிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"முடிவே இல்லாத" என்று யார் எதை விற்றாலும் நான் நம்புவதில்லை. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். உன் படத்தில் அந்தப் பொடி எழுத்து எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

உன் அண்ணா எடுக்கும் போட்டோவைப் பெரிதாக்கினால் இரண்டாவது இழுப்பிலேயே என் மூக்கு கட்டம் கட்டமாகிவிடுகிறது. உன் பொத்தான் மட்டும் எப்படிக் கடைசிவரை கூர்மையாகவே இருந்தது? ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். "அவகிட்டயே கேளேன், ஈகோ பாக்காத" என்கிறார் உன் அண்ணா. ஈகோ எல்லாம் இல்லை. கேட்டுவிட்டேன்.

அண்ணி


பிப்ரவரி 9

அண்ணிக்கு,

கேட்டுவிட்டீர்களா? இனி உங்களை யாரும் காப்பாற்ற முடியாது.

போட்டோ என்பது கட்டங்களின் கூட்டம். பெரிதாக்கினால் கட்டமும் பெரிதாகும். என் கோடு கட்டம் இல்லை. "இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே முடி" என்ற ஒரு கட்டளை, அவ்வளவுதான். நீங்கள் கிட்டே போகும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் அந்தக் கட்டளையைப் படித்துக் கோட்டைப் புதிதாகப் போட்டுக் காட்டுகிறது. அதனால் மங்காது.

இனி என் ரகசியம். ஒரு படத்துக்குள் அடுத்த படம் ஒளிந்திருக்கும் இடத்துக்கு மச்சம் என்று பெயர் வைத்திருக்கிறேன். எட்ட நின்று பார்த்தால் வெறும் புள்ளி. கிட்டே போனால் ஊர். பொத்தானின் துளை ஒரு மச்சம். அதற்குள் இருக்கும் குளம் முழுவதையும் துளையின் கருநீலத்திலேயே வரைய வேண்டும். வரைந்துவிட்டு வெளியே வந்து பார்ப்பேன். துளை கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தால் போச்சு. மறுபடியும் உள்ளே போய் அல்லி, படி, தவளை எல்லாவற்றின் தலையிலும் இருட்டை ஊற்ற வேண்டும். உள்ளே நின்றால் உலகமாக இருக்க வேண்டும், வெளியே வந்தால் அழுக்காக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பொருந்தி வரும் அந்த நொடிக்காகத்தான் நான் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

குளத்தில் இப்போது ஒரு மீன் விட்டிருக்கிறேன். மீனின் செதிலுக்குள் போனால், செதில் எல்லாம் ஓட்டுக் கூரைகள். கீழே ஒரு ஊர். அந்த ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்கே இன்னும் தெரியாது.

மென்பொருள் ஓர் ஆழத்துக்கு மேல் விடாமல் பூட்டி வைத்திருந்தது. காட்சிக்கூடத்துக் கம்ப்யூட்டர்காரர் எதையோ தட்டி அந்தப் பூட்டை எடுத்துவிட்டார். "இனிமே பாதாளம் வரைக்கும் போங்க மேடம், கேக்க ஆளில்ல" என்றார்.

படக்கோப்பை உங்களோடு பகிர்ந்திருக்கிறேன்; நான் வரைவது உங்களுக்கும், நீங்கள் வரைவது எனக்கும் உடனுக்குடன் தெரியும். அண்ணா ஆசையாக வாங்கிவிட்டுத் தொடாமல் வைத்திருக்கும் அந்த டேப்லெட்டில் திறந்து, நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். எதையும் அழித்துவிடாதீர்கள்.

சுண்டு


பிப்ரவரி 18

சுண்டுவுக்கு,

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் திறந்தேன். உன் அண்ணா வந்து பக்கத்தில் நின்றது கூடத் தெரியவில்லை. "சாப்பிட வரியா, இல்ல அந்த மீனோடயே குடும்பம் நடத்தப் போறியா?" என்றார்.

கூரை ஊரில், ஒரு ஜன்னலில், காயப்போட்ட சாக்ஸில் ஓட்டை. அதற்குள் வானமும் நட்சத்திரமும் இருக்கும், இந்தப் பெண்ணுக்கு வேறென்ன தோன்றப் போகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன். உள்ளே ஒரு பல்லி உட்கார்ந்து என்னை முறைத்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அலுவலகத்திலும் மதியம் ஒருமுறை நினைத்துச் சிரித்தேன். அங்கே என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

நானும் ஒன்று வரைந்தேன். தெருவில் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒரு பூனை. உன் அண்ணா அதைத் தலையணை என்கிறார். அதற்கு ஒரு காது சேர்த்தேன். இப்போது காது முளைத்த தலையணை என்கிறார். இருந்தாலும் அதன் கண்ணுக்குள் ஒரு மச்சம் வைத்திருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

ஒரு கேள்வி. கூரை ஊரைத் தாண்டினால் மணிக்கூண்டு வருகிறது. அதன் முள்ளின் நுனியில் எதையோ தொடங்கி, நாலைந்து கோட்டோடு விட்டிருக்கிறாய். அதன் பிறகு உன்னிடமிருந்து புதுப் படம் எதுவும் வரவில்லை. அண்ணா கூப்பிட்டால் "பிசி" என்று வைத்துவிடுகிறாயாம். படத்தைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை நீ. பல்லிக்கு நகம் வரை வரைந்தவள். என்ன ஆயிற்று?

அண்ணி


பிப்ரவரி 21

அண்ணிக்கு,

அண்ணாவிடம் சொல்வதில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

என் கை நடுங்குகிறது.

மணிக்கூண்டின் முள்ளுக்குள் ஒரு ரயில் நிலையம் வரையத் தொடங்கினேன். தண்டவாளம் நேராக வரவில்லை. வளைத்தால் வளைவு படிக்கட்டு மாதிரி உடைந்து உடைந்து விழுந்தது. திரையில் வரையும் பேனாவின் முனையை மாற்றினேன். புதுப் பேனாவே வாங்கினேன். மேசையை மாற்றினேன். காபியை நிறுத்தினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் உள்ளே போய், சின்னதாக ஒரு விளக்கு வரைந்து பார்த்தேன். முந்தின நாளைவிட மோசம். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட மோசம்.

அப்பாவுக்கு இப்படித்தான் தொடங்கியது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல் டாக்டரின் கை நடுங்கினால் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவர் எழுந்து போய்விடுவார். எழுந்து போனார்கள். கடைசியில் அவருக்குத் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள். நாங்கள் இரண்டு பேரும் வேலை வேலை என்று வெளியூரில் இருந்தோம்.

காகிதத்தில் வரைந்து பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். பென்சிலைத் தொடவே பயமாக இருக்கிறது. திரை என்றால் பேனா சரியில்லை, கண்ணாடி வழுக்குகிறது என்று ஏதாவது சொல்லி என்னை ஏமாற்றிக்கொள்ளலாம். காகிதத்திலும் அப்படியே வந்துவிட்டால் பிறகு என்ன சொல்லிக்கொள்வது?

பொறுப்பாளருக்கு, இந்த வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை அனுப்புவேன். வேறு யாரையாவது பிடிக்க அவர்களுக்கும் நேரம் வேண்டும் அல்லவா.

உங்கள் பூனையைப் பார்த்தேன். தலையணைதான். ஆனால் நல்ல தலையணை.

சுண்டு


பிப்ரவரி 22

சுண்டு,

அதை அனுப்பாதே. இதை முழுக்கப் படிக்கும்வரை எதையும் அனுப்பாதே.

இன்று லீவு போட்டேன். மணிக்கூண்டு முள்ளின் நுனிக்குப் போய், உன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு கோடு இழுத்தேன். படிக்கட்டு. மறுபடியும் இழுத்தேன். படிக்கட்டு. வெளியே தெருவுக்கு வந்து குப்பைத்தொட்டி ஓரமாக அதே போல இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே போனேன், படிக்கட்டு.

உன் அப்பா எனக்கு மாமனார். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தவள். உங்கள் ரத்தம் என் உடம்பில் ஒரு சொட்டு கிடையாது. பிறகு என் கை ஏன் நடுங்க வேண்டும்?

எழுந்து வீட்டுக் கூடத்தில் இரண்டு முறை நடந்தேன். உன் அண்ணாவைக் கூப்பிட்டேன். "ஒரு கோடு போடுங்க." "எதுக்கு?" "போடுங்கன்னா போடுங்க." படிக்கட்டு. அவர் உங்கள் ரத்தம், அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று பிறகுதான் உறைத்தது. அந்த நேரம் பக்கத்து வீட்டம்மா ஏணி கேட்டு வந்தார். அவரையும் விடவில்லை. "எனக்கு வரையல்லாம் வராதுங்க" என்றார். "வராதவங்கதான் வேணும், உக்காருங்க" என்றேன். அவருடையதும் படிக்கட்டு. ஏணியை மறந்துவிட்டு, "உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று என்னை விசாரித்துவிட்டுப் போனார். கடைசியாக ஸ்கேலைச் சாய்த்து வைத்து இழுத்தேன். ஸ்கேலுக்கு நரம்புத் தளர்ச்சி வராது. படிக்கட்டு.

இன்னொன்று. எல்லாருடைய கோட்டிலும் படியின் உயரம் ஒன்றே. உன்னுடையதிலும் என்னுடையதிலும் ஸ்கேலிலும். நடுங்கும் கை அப்படி ஒழுங்காக நடுங்காது சுண்டு. மாமாவின் கையை எத்தனையோ நாள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியும்.

லாரியை எடைபோடும் மேடை இருக்கிறதல்லவா? லாரி நிற்கும்போது அதன் மேல் ஒரு கடுகை வைத்தால் முள் அசையாது. கடுகு பொய் இல்லை. அந்த மேடைக்கு அவ்வளவு பொடியாகப் பார்க்கத் தெரியாது, அவ்வளவுதான். உன் மென்பொருள் எல்லாக் கோட்டையும் தெருவின் மூலையிலிருந்தே அளந்து எழுதிவைக்கிறது. எண்ணில் இத்தனை இலக்கம்தான் என்று அதற்கு ஓர் அளவு உண்டு. தெரு, சட்டை, குளம், மீன், கூரை எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் இலக்கம் தீர்ந்துவிடுகிறது. உன் தண்டவாளத்தின் வளைவுக்கு இடமே இல்லை. அருகில் கிடைக்கும் படியில் ஒவ்வொரு புள்ளியையும் தூக்கி உட்கார வைக்கிறது. நாளுக்கு நாள் மோசமானது உன் கை இல்லை. நாளுக்கு நாள் நீ இன்னும் ஆழமாகப் போனாய்.

பூட்டுப் போட்டவன் காரணத்தோடுதான் போட்டிருக்கிறான். அந்தக் கம்ப்யூட்டர்காரரின் நம்பரை அனுப்பு.

அண்ணி

எழுதும்போது எனக்கே கை படபடக்கிறது. இது வேறு.


பிப்ரவரி 22, மாலை

அண்ணி,

கடிதத்தை அழித்துவிட்டேன். முதலில் மனதில் அழித்தேன், பிறகு கம்ப்யூட்டரில் அழித்தேன், பிறகு குப்பைக் கூடையைத் திறந்து அங்கேயும் அழித்தேன்.

தெருவுக்கு வந்து ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. இத்தனை நாளில் வெளியே வந்து ஒரே ஒரு முறை இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். எப்போது திறந்தாலும் விட்ட இடத்தில்தான் போய் உட்கார்ந்தேன். வீட்டு உரிமையாளரம்மா கதவைத் தட்டி, "என்னம்மா, அழறியா சிரிக்கிறியா?" என்று கேட்டார். "முடிவு பண்ணிட்டுச் சொல்றேன்" என்றேன்.

பென்சிலை இன்னும் தொடவில்லை. உங்கள் கணக்கு சரி என்று தலைக்குத் தெரிகிறது. கை இன்னும் நம்பவில்லை.

அது இருக்கட்டும். இலக்கம் தீர்ந்துபோகும் என்றால் சக்கரம் எப்படி நிற்காமல் சுற்றும்? நம்பர் கீழே இருக்கிறது. அந்த ஆள் நல்லவர். ரொம்ப மிரட்டாதீர்கள்.

சுண்டு


மார்ச் 3

சுண்டுவுக்கு,

மிரட்டவில்லை. "பூட்ட எடுக்கும்போது அது எதுக்கு இருக்குன்னு யோசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டேன். "இல்லைங்க மேடம்" என்றார். அதன் பிறகு தினமும் பேசுகிறோம். உன் அண்ணாவுக்கு லேசான பொறாமை.

வழி இருக்கிறது. எங்கள் கூடத்தில் ஒவ்வொரு எடைக்கு முன்னும் தட்டைக் காலி செய்து, முள்ளைச் சுழிக்குக் கொண்டுவருவோம். சுழி என்றால் பூஜ்யம்தான், பழைய ஆட்கள் அப்படிச் சொல்வார்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டது. உன் படத்துக்கும் அதையே செய். எல்லாவற்றையும் ஒரே தாளில் வரையாதே. படத்துக்கொரு தாள், தாளுக்கொரு சுழி. குளத்தைத் தெருவின் மூலையிலிருந்து அளக்காதே, குளத்தின் மூலையிலிருந்தே அள. மச்சம் விரிந்து திரையை நிறைத்ததும் பழைய தாளைக் கழற்றிவிட வேண்டும். லாரியை இறக்கிவிட்டுக் கடுகுக்குத் தனித் தராசு. அவர் நேற்று சோதனைக்கு ஒன்று செய்து அனுப்பினார். தாள் மாறும் இடத்தைக் கண் கண்டுபிடிக்கவில்லை. என் கண்ணே கண்டுபிடிக்கவில்லை என்று சொல்கிறேன்.

இன்னொன்று. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் படம் இவ்வளவு கூட வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மடங்கு என்று வை. இல்லாவிட்டால் தெருவில் பறக்கும், குளத்தில் நகர மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றி, எழுதுவதை நிறுத்திவிட்டுச் சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துவிட்டு வந்தேன். தாள்கள் தனித்தனி என்றால், கடைசித் தாளின் மச்சத்தில் முதல் தாளை வைக்கலாம். தெருவையே வைக்கலாம். உள்ளே உள்ளே போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவார்கள், ஒருமுறைகூடத் திரும்பாமல்.

முடிவில்லாதது என்று நான் இன்னும் சொல்லவில்லை. வட்டத்துக்கு முனை கிடையாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணி


மார்ச் 25

அண்ணிக்கு,

சேர்ந்துவிட்டது.

தண்டவாளம் வழுக்கிக்கொண்டு வந்தது. ரயில் பெட்டியில் தூங்கும் ஒருவரின் மீசைக்குள் காடு. காட்டில் ஒரு காளான், காளானின் குடைக்குக் கீழே ஒரு நூலகம், நூலகத்தில் ஒரு மைத்துளி, மைத்துளிக்குள் ஒரு அறை. அறையில் ஒரு பெண்மணி தராசின் முன்னால் உட்கார்ந்து, தட்டில் கிடக்கும் ஒரு தூசியை நம்பாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தூசிதான் கடைசி மச்சம். அதற்குள் போனால் தெரு.

அண்ணா அங்கே டேப்லெட்டில் பார்த்துவிட்டுப் போன் பண்ணி, "மூக்கு அப்படியே உரிச்சு வச்சிருக்கே" என்று சிரித்தார். யாருடைய மூக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர்காரர் ஒரு நாள் முழுக்கச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். நிற்கவில்லை. அவருக்குத்தான் தலை சுற்றியது.

ஏப்ரல் 6 திறப்பு. அவசியம் வர வேண்டும். பென்சில் அதே இடத்தில்தான் கிடக்கிறது, கேட்காதீர்கள். இப்போதெல்லாம் அதைத் தாண்டிப் போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

சுண்டு


ஏப்ரல் 7

சுண்டுவுக்கு,

நேற்று கூட்டத்தில் உன்னிடம் இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

வரிசையில் நின்று நானும் சுற்றினேன். எங்கே தாள் மாறும் என்று எனக்குத் தெரியும், காத்துக்கொண்டே சுற்றினேன். ஓர் இடத்தில்கூடப் பிடிக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெண், "ஆன்ட்டி, எங்களுக்கும் கொஞ்சம் விடுங்க" என்றாள். இன்னும் ஒரே ஒரு மச்சம் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. பல்லியைக் கண்டதும் ஒரு கூட்டமே கத்தியது. தராசுப் பெண்மணி வந்ததும் உன் அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் மூக்கு அவ்வளவு நீளமில்லை.

பிறகு பொறுப்பாளர் பெயிண்ட் டப்பாவையும் தூரிகையையும் உன்னிடம் நீட்டினார். வரைந்தவர் தன் கையாலேயே சுவரில் பெயர் எழுதுவது அந்தக் கூடத்தின் வழக்கமாம். உனக்கு முன்கூட்டியே தெரியாது என்று உன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "நீங்களே எழுதிடுங்களேன் சார்" என்றாய். அவர் விடவில்லை. "சும்மா எழுதுங்கம்மா, கோணலா வந்தாலும் அழகுதான்" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும். உன் அண்ணாவும் எதுவும் தெரியாமல் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அத்தனை பேரும் சுவரைப் பார்த்தார்கள். நான் உன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதி முடிக்கும்வரை மூச்சு விட்டேனா என்று எனக்கு நினைவில்லை.

சுண்டு என்று எழுதினாய். அதோடு நிறுத்தாமல் பக்கத்தில் அண்ணி என்றும் எழுதினாய். "யாரோட அண்ணி?" என்று யாரோ கேட்டார்கள், எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கேள்வி கேட்டவளுக்கு எதற்குப் பெயர் என்று உன் அண்ணாவிடம் ரயில் நிலையம் வரை சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

ஆனால் அதற்கு முன், நீ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரருகே போனேன். இரண்டு பெயரிலும் சேர்த்து மூன்று ண. எல்லாம் மூன்று சுழி ண. பெயிண்ட் காயவில்லை, மூக்கில் ஒட்டிக்கொள்ளும் தூரத்தில் நின்று ஒன்பது சுழியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஒன்றில்கூடப் படிக்கட்டு இல்லை.

அண்ணி